வைஃபை கோடு முழுசாக இருக்கிறது, நெட் மட்டும் நகரவில்லை: எந்த பேண்டில் கோளாறு என்று கண்டுபிடிப்பது

வைஃபை சரியில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த நிமிடம் உங்கள் போன் எந்த பேண்டில் (வைஃபை ஓடும் அதிர்வெண் பட்டையில், பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அல்லது 5 ஜிகாஹெர்ட்ஸ்) நிற்கிறது? பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், இணைப்பு கொடுத்தவர்களிடம் சண்டை போடுவார்கள், சிலர் புது ரவுட்டரே வாங்கிவிடுவார்கள். கடைசியில் போய்ப் பார்த்தால் ரவுட்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருப்பார்கள், இல்லையென்றால் மூன்று சுவர் தள்ளிப் படுத்துக்கொண்டு 5 ஜிகாஹெர்ட்ஸைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். அதனால் அறிகுறியை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த பேண்ட் என்று பார்ப்பது எப்படி

ஆண்ட்ராய்டில் வைஃபை அமைப்புக்குள் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் விவரப் பக்கம் திறக்கும். பெரும்பாலான போன்களில் அங்கே அதிர்வெண்ணும் இணைப்பு வேகமும் இருக்கும். விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகள் பக்கத்தில் பேண்ட், சேனல் (அந்த பேண்டுக்குள் உங்கள் வைஃபை பிடித்திருக்கும் எண்ணிட்ட துண்டு) இரண்டும் எழுதியிருக்கும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே மேலே உள்ள வைஃபை குறியைச் சொடுக்கினால் சேனல், சிக்னல் அளவு, இரைச்சல் அளவு எல்லாமே வரிசையாக வந்துவிடும். எதிலும் தென்படவில்லையா, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள், எது எந்த பேண்டில் என்று பெரும்பாலும் பிரித்தே காட்டும்.

இணைப்பு வேகத்தை வைத்தும் ஓரளவு சொல்லிவிடலாம். 72, 144, 286 மெகாபிட் என்று நின்றால் அது பெரும்பாலும் 2.4. 433, 866, 1200 என்று வந்தால் 5. இந்த எண்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே காற்றில் ஓடும் வேகம், கையில் கிடைப்பது கிட்டத்தட்ட அதில் பாதிதான்.

இன்னொன்று, 5 ஜிகாஹெர்ட்ஸ் வேறு, மொபைல் 5ஜி வேறு. ரவுட்டர்கள் தாமாகவே வைஃபை பெயருக்குப் பின்னால் 5ஜி என்று ஒட்டுவதால் இந்தக் குழப்பம் தீரவே மாட்டேன் என்கிறது. மொபைல் 5ஜியில் அது ஐந்தாம் தலைமுறை என்பதன் சுருக்கம், இங்கே அதிர்வெண். போன் 5ஜி போன் இல்லையே என்று அந்தப் பெயரைத் தொடாமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தாராளமாகத் தொடலாம், பல வருடப் பழைய 4ஜி போன்கள்கூட 5 ஜிகாஹெர்ட்ஸை எடுக்கும்.

அறிகுறி: ரவுட்டர் பக்கத்திலேயே இருக்கிறேன், கோடு முழுசு, ஆனால் வேகம் 30, 40 மெகாபிட்டைத் தாண்டவில்லை

இதுதான் மிக அதிகமாக வரும் புகார், இதற்குத் தீர்வும் மிகச் சுலபம். நீங்கள் 2.4-இல் இருக்கிறீர்கள். கோடு என்பது சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும், அந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் என்பதை அது காட்டாது.

2.4 பேண்டின் மொத்த அகலமே சுமார் 83 மெகாஹெர்ட்ஸ்தான், 2400 முதல் 2483.5 வரை. அதற்குள்தான் உங்கள் வைஃபை, சுற்றியுள்ள எல்லா வீட்டு வைஃபையும், ப்ளூடூத், கம்பியில்லா மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே. 5 ஜிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே ஒரு சேனல், கிட்டத்தட்ட அந்த முழு பேண்டின் அளவு இருக்கும், அப்படிப்பட்ட சேனல்கள் அங்கே பல உண்டு. 5-க்கு மாறுங்கள், அவ்வளவுதான். இரண்டு பெயர் தெரிந்தால் 5 உள்ள பெயரில் சேர்ந்து, 2.4 பெயரைப் போனிலிருந்து மறக்கச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது திரும்பத் திரும்ப அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

5-இல்தான் இருக்கிறது, இருந்தும் வேகம் சரியாக 94-க்குப் பக்கத்திலேயே முட்டி நிற்கிறது என்றால் வைஃபையைத் திட்ட வேண்டாம். அது கேபிள். ரவுட்டரில் இன்டர்நெட் கேபிள் செருகும் வான் (WAN) போர்ட் 100 மெகாபிட் போர்ட்டாக இருந்தாலோ, மோடத்திலிருந்து வரும் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருந்தாலோ இப்படித்தான் ஆகும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டே ஜோடி போதும், அதனால் ஒரு ஜோடி போனதும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: ஹாலில் பறக்கிறது, உள் அறைக்குப் போனால் செத்துவிடுகிறது

இங்கே நீங்கள் 5-இல் இருக்கிறீர்கள், சுவர்தான் எதிரி. 2.4-இன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5-இன் அலைநீளம் 5 முதல் 6 சென்டிமீட்டர். அலை சிறிதானால் அதற்கேற்ற ஆன்டெனாவும் சிறிதாகும், சிறிய ஆன்டெனா அள்ளுவதும் குறைவு. அதனால் நடுவே சுவரே இல்லாத திறந்த வெளியில், ஒரே சக்தியில் அனுப்பினாலும்கூட, ஒரே தூரத்தில் 5-இன் சிக்னல் சுமார் 7 டெசிபல் குறைவாகத்தான் வந்து சேரும். கேட்கச் சின்ன எண் போலிருக்கும், ஆனால் கணக்குப்படி அது ஐந்தில் ஒரு பங்குதான். அதன் மேல் சுவர் வேறு. கம்பி கட்டிய கான்கிரீட் சாதாரணச் செங்கல் சுவரைவிட மோசம், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி எல்லாம் இன்னும் மோசம்.

எங்கே சாகிறது என்று நடந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. சிக்னலை எண்ணாகக் காட்டும் வைஃபை அனலைசர் செயலி ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்குப் பக்கமாக இருந்தால் நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குப் போதும், மைனஸ் 75-க்குக் கீழே போனால் தடுமாறும், மைனஸ் 85-இல் பெயர் தெரியும், வேலை நடக்காது. நான் ஒரு வீட்டில் ரவுட்டர் பக்கம் ஆரம்பித்தேன், மைனஸ் 41. வாசல் நிலைவரை மைனஸ் 56. நிலையைத் தாண்டி ஒரே ஓர் அடி உள்ளே வைத்ததும் மைனஸ் 73. அந்த ஓர் அடியில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால், சுவரின் மறுபக்கம் ரவுட்டருக்கும் எனக்கும் நடுவில் சரியாக ஓர் ஆளுயர இரும்பு பீரோ. ரவுட்டரை அங்கிருந்து இரண்டடி நகர்த்தி, பீரோவின் தலைக்கு மேலே வருமாறு உயரத்தில் மாட்டியதும் அதே இடத்தில் மைனஸ் 62 வந்தது. பைசா செலவில்லை.

அதனால் வரிசை இதுதான்: முதலில் ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தும் அலமாரிக்குள்ளிருந்தும் வெளியே எடுத்து உயரமான, வீட்டின் நடுவான இடத்தில் வையுங்கள். போதவில்லையா, அந்த அறையில் மட்டும் 2.4 பயன்படுத்துங்கள், மெயில், செய்தி, சாதாரண வீடியோ எல்லாம் அதில் ஓடும். அதுவும் போதாதென்றால்தான் இரண்டாவது அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் இன்னொரு பெட்டி) அல்லது மெஷ் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள்), முடிந்தால் கேபிள் இழுத்து. கம்பியில்லாமல் சிக்னலை நீட்டிக்கும் ரிப்பீட்டரை, சிக்னல் செத்த அறைக்குள்ளேயே வைப்பவர்கள் நிறைய. அது எதை நீட்டிக்கும்? இன்னும் நன்றாகக் கேட்கும் பாதி வழியில் வைக்க வேண்டும்.

அறிகுறி: பகலெல்லாம் சரி, சாயங்காலம் ஆனால் இழுக்கிறது

2.4-இல் இது நடந்தால் அக்கம்பக்கத்து நெரிசல். (5-இலும் கேபிளிலும் அதே மாதிரி இழுத்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை, இணைப்பு கொடுத்தவர் பக்கம், அவர்களிடம் கேபிளில் எடுத்த அளவோடு போய்ப் பேசுங்கள்.)

2.4-இல் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு வைஃபையும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குக் காலை நீட்டும். அதனால் ஒன்றின் மேல் ஒன்று படாமல் வைக்க 1, 6, 11 மூன்றுதான் தேறும். அனலைசரில் பார்த்துவிட்டு, 1-இலும் 6-இலும் கூட்டம், நடுவில் 3 காலியாக இருக்கிறதே என்று அங்கே போய் உட்காராதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றது கேட்டுக் காத்திருக்கும், வரிசை இருக்கும், மெதுவாக என்றாலும் வேலை நடக்கும். 3-இல் இருக்கும் ரவுட்டருக்கோ 1-இல் இருப்பதும் 6-இல் இருப்பதும் புரியாத இரைச்சலாகத்தான் காதில் விழும், அவர்களுக்கும் இது இரைச்சல். பேச்சு மோதி, உடைந்து, திரும்ப அனுப்பி, மூன்று பேரும் கெடுவார்கள்.

1, 6, 11-இல் எதில் பலமான அண்டைச் சிக்னல் குறைவோ அதில் வையுங்கள். அகலத்தை 20-இலேயே விடுங்கள். 40 என்று போட்டால் வேகம் இரட்டிக்கும் என்று ஆசை வரும், ஆனால் அது அந்தச் சிறிய பேண்டில் பாதியை அடைத்துக்கொள்ளும், நெரிசலான இடத்தில் உங்களுக்கே திருப்பி அடிக்கும். பல நாடுகளில் 12, 13 சேனல்களுக்கும் அனுமதி உண்டு, ஆனால் சில கருவிகளின் கண்ணுக்கு அவை தெரியாது. ஒரே ஒரு கருவிக்கு மட்டும் உங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை என்றால் ரவுட்டர் தானாக 13-க்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: திடீரென்று சில நிமிடம் திக்குகிறது, அப்புறம் தானாகச் சரியாகிறது

2.4-இல் என்றால் மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகப்படுங்கள். அது வேலை செய்வது 2.45 ஜிகாஹெர்ட்ஸில், பேண்டின் நட்டநடுவில். கதவைத் தாண்டிக் கசிவது மிகக் கொஞ்சம்தான், உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வைஃபை அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய சத்தத்தைக் கேட்டுப் பிழைப்பது. சோதனை எளிது: கணினியில் ரவுட்டர் முகவரிக்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரை அடுப்பில் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நான் பார்த்தபோது 3, 4 மில்லிவினாடி என்று வந்துகொண்டிருந்தது 180, 240 என்று ஏறி, நடுவில் ஒன்றிரண்டுக்குப் பதிலே வரவில்லை, மணி அடித்ததும் மறுபடி 3. முழுசாக அறுந்து போகாமல் திக்குவதற்கும் காரணம் உண்டு, பெரும்பாலான வீட்டு அடுப்புகள் மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறக்குறையப் பாதி நேரம்தான் அலையைக் கக்கும், மீதி இடைவெளியில் கொஞ்சம் தரவு தப்பித்துப் போய்விடும்.

இதே மாதிரி இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். அதன் கேபிளும் இணைப்பானும் 2.4 முழுக்க இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் 2012-இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டது. லேப்டாப்பில் டிஸ்கைச் செருகிக் கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் மவுஸ் துள்ளுகிறது, வைஃபை விழுகிறது என்றால் இதுதான். மவுஸின் டாங்கிளை (அதற்காக யுஎஸ்பியில் செருகும் சின்னத் துண்டை) மறுபக்கத்து போர்ட்டுக்கு மாற்றுங்கள் அல்லது சின்ன நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள், லேப்டாப்பை 5-க்கு மாற்றுங்கள். ப்ளூடூத்தும் 2.4-இல்தான் வாழ்கிறது. அது நெரிசலான இடத்தை விட்டுத் தாவிக்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் ஒத்துப்போகும், இருந்தும் இயர்போன் அடிக்கடி விட்டுவிட்டுக் கேட்டால் போனின் வைஃபையை 5-க்கு மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்ப வருகிறது

இதைக் கண்டுபிடிக்க முடியாமல் ஆட்கள் ரவுட்டரையே மாற்றியிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 5 பேண்டின் ஒரு பெரும் பகுதி, சேனல் 52 முதல் 144 வரை, பல நாடுகளில் வானிலை ரேடார், ராணுவ ரேடார்களுக்கு உரியது. வைஃபை அங்கே விருந்தாளி. ரவுட்டர் அந்தச் சேனலில் பேசத் தொடங்குமுன் 60 வினாடி சும்மா இருந்து ரேடார் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும், ஐரோப்பாவில் வானிலை ரேடார் உள்ள 120 முதல் 128 வரையிலான சேனல்களில் 10 நிமிடம். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடார் போல ஏதாவது கேட்டாலும் 10 வினாடிக்குள் காலி செய்துவிட்டு, 30 நிமிடம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. உங்கள் கண்ணுக்குத் தெரிவது பெயர் மறைந்து ஒரு நிமிடம் கழித்து வருவது மட்டும்தான். ரவுட்டரின் லாக் பக்கத்தில் ரேடார் (radar) அல்லது டிஎஃப்எஸ் (DFS, ரேடாருக்கு வழிவிடும் இந்த முறையின் பெயர்) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் உறுதி.

சேனலை 36, 40, 44, 48-இல் ஒன்றாகப் பூட்டினால் தீர்ந்துவிடும், உங்கள் நாட்டில் அனுமதி இருந்தால் 149 முதல் 161 வரையும் நல்ல இடம். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நான் 36-இல்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் அறுகிறது என்பவர்கள் சேனல் அகலத்தைப் பாருங்கள். 160 என்று போட்டிருந்தால் 36-இல் தொடங்கும் அந்தச் சேனல் 64 வரை நீளும், அதாவது பாதி உடம்பு ரேடார் பகுதிக்குள் கிடக்கும். 80-க்கு இறக்குங்கள். உச்ச வேகம் குறையும், ஆனால் வீடியோ அழைப்பு நடுவில் அறுவதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் முடிவு.

அறிகுறி: ஸ்மார்ட் பல்பு, கேமரா, பழைய பிரிண்டர் சேரமாட்டேன் என்கிறது

இவற்றில் பலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது. இஎஸ்பி8266 போன்ற மலிவான சிப்கள் 2.4 மட்டும்தான் பேசும், ஏராளமான ஸ்மார்ட் பொருட்களுக்குள் இருப்பது இத்தகையவைதான். அமைக்கும்போது போனை 2.4-இல் சேர்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் 5-ஐ ரவுட்டரில் பத்து நிமிடம் அணைத்து, பல்பைச் சேர்த்து, திரும்பப் போடுங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் வைஃபையின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள், புதிய முறையான டபிள்யூபிஏ3 (WPA3) மட்டும் என்று இருந்தால் பழைய கருவிகள் உள்ளே வராது. விருந்தினர் வைஃபை ஒன்றை 2.4, டபிள்யூபிஏ2 என்று தனியாகத் திறந்து இவை அனைத்தையும் அங்கே தள்ளிவிடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

அறிகுறி: ரவுட்டர் பக்கம் திரும்பி வந்தாலும் போன் மெதுவான பேண்டையே விடமாட்டேன் என்கிறது

எந்த பேண்டில் சேர்வது என்று முடிவெடுப்பது போன், ரவுட்டர் இல்லை. பேண்ட் ஸ்டீயரிங் என்ற வசதி ரவுட்டரில் இருந்தாலும் அது மெல்லத் தள்ளிப்பார்க்கும், அவ்வளவே. கிடைத்த சிக்னல் ஓரளவு நன்றாக இருந்தால் போன் வேறு தேடாது. ஐபோன் சிக்னல் மைனஸ் 70-க்குக் கீழே போனால்தான் வேறு இடம் தேடத் தொடங்கும் என்று ஆப்பிளே சொல்கிறது. உள் அறையில் 2.4-க்கு இறங்கிய போன் ஹாலுக்கு வந்ததும் மைனஸ் 45 என்று பார்க்கும், அதற்கு என்ன குறை, அங்கேயே இருந்துவிடும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் 5-க்கு வந்துவிடும். இதற்காகவே, ஒரே ரவுட்டர் உள்ள வீட்டில் இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைப்பதுதான் நல்லது என்பேன். மெஷ் இருந்தால் மட்டும் ஒரே பெயராக விடுங்கள், அங்கே பெயரைப் பிரித்தால் நடமாடும்போது போன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது கெடும்.

அறிகுறி: 6 ஜிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் வாங்கினேன், அந்தப் பெயரே தெரியவில்லை

கருவி வைஃபை 6இ அல்லது வைஃபை 7 ஆக இருக்க வேண்டும். வெறும் வைஃபை 6 போதாது, இந்த ஓர் எழுத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கணினி என்றால் விண்டோஸ் 11 வேண்டும். டபிள்யூபிஏ2 இந்த பேண்டில் கிடையவே கிடையாது, கடவுச்சொல் வைத்த வீட்டு வைஃபை என்றால் டபிள்யூபிஏ3 கட்டாயம். திறந்திருக்கும் அளவும் நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்கா 2020-இல் 5925 முதல் 7125 வரை முழு 1200 மெகாஹெர்ட்ஸையும் திறந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் 5945 முதல் 6425 வரை மட்டும். அதனால் ரவுட்டரில் நாடு அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாகி இணைந்தபின் பக்கத்து அறையில் விழுந்துவிடுகிறது என்றால் கோளாறு ஒன்றுமில்லை, 5-ஐவிட இதற்குச் சுவர் கொஞ்சம் கூடுதலாகவே ஆகாது. ரவுட்டர் இருக்கும் அதே அறையில் பெரிய கோப்பு நகர்த்துபவர்களுக்கும் விஆர் கண்ணாடி போடுபவர்களுக்கும் இது அருமையான பேண்ட், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் 5-இலேயே இருங்கள்.